இந்த வருடம் யார் முறை

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்பக்கத் தெரு. மோட்டார் போடுவது, கோடையில் தண்ணீர் லாரி வந்தால் கீழே இறங்கி நிற்பது, மாடித் தொட்டி வழிந்தால் எல்லோரிடமும் திட்டு வாங்குவது எல்லாம் மாதத்துக்கு ஒரு வீட்டின் பொறுப்பு. மோட்டார் அறைச் சாவியை ஒரு மரக்கட்டையில் கோர்த்து வைத்திருப்போம். மாதம் முடிந்த மறுநாள் காலையில் அது அடுத்த வீட்டுக் கதவுப் பிடியில் தொங்கும். யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. சாவியைப் பார்த்ததும் அந்த வீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும், அவ்வளவுதான். யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையைச் சண்டை இல்லாமல் செய்து முடிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். இதை அலுவலகத்துக்கும் கொண்டுபோனது நான்தான்.

அலுவலகம் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. வெளிநாட்டு ஆய்விதழ்கள் அச்சுக்குப் போகுமுன் அவற்றின் பக்கங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பழைய பிரதியையும் திருத்திய பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது மாறியிருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது, எது யாரும் கேட்காமல் உள்ளே நுழைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருபத்தாறு வருடங்களாக இதைச் செய்கிறேன். சிறுநீரகக் கல், இரும்புப் பாலம், கடல் பாசி, தேனீயின் தூக்கம் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் படித்திருக்கிறேன். எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. கமா சரியாக இருக்கிறதா என்று மட்டும் தெரியும்.

கடைசி ஒன்பது வருடங்களாக எட்டு பேருக்கு நான் தலைவன். ஆங்கிலத்தில் 'லீட்' என்பார்கள். அந்தப் பதவிக்கென்று எனக்குக் கிடைத்தது ஒரு சுழல் நாற்காலியும் வருடத்துக்கு ஒரு முறை வருகிற தலைவலியும். மார்ச் மாதம் வந்தால் எட்டு பேருக்கும் மதிப்பீடு எழுத வேண்டும். ஏ, பி, சி, டி என்று நான்கு கட்டம். எட்டு பேரில் ஒருவர் கட்டாயம் டி கட்டத்தில் இருந்தாக வேண்டும். எட்டு பேரும் நன்றாக வேலை செய்தால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். "அப்படி இருக்காது சார், நல்லா பாருங்க" என்றார் பாடம் நடத்த வந்த பெண்.

முதல் வருடம் நல்லா பார்த்தேன். எங்கள் குழுவிலேயே மூத்தவருக்கு டி போட்டேன். அவரிடம் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்களைக் குறை சொல்ல அதைவிடக் குறைவாகத்தான் ஏதாவது கிடைத்தது. கடிதம் கைக்குப் போன நாளிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கேன்டீனின் இன்னொரு கோடியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தயிர் சாதத்தை அவசர அவசரமாக முடித்துவிட்டு எழுந்து போவார். நான்கு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாளன்று என்னிடம் கைகூடக் குலுக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த மார்ச் வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது எட்டு பேரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒரு டி போட்டாக வேண்டும், யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை, எங்கள் குடியிருப்பில் மோட்டார் சாவி இருக்கிற மாதிரி வருடத்துக்கு ஒருவராக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஜன்னலோர நாற்காலியில் ஆரம்பித்து வரிசையாக வரலாம். இந்த வருடம் டி வாங்கியவருக்கு அடுத்த வருடம் நான் பி போட்டுத் தூக்கிவிடுவேன். ஒருவருக்கு எட்டு வருடத்தில் ஒரு தடவைதான் அடி.

ஒருவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அப்போது குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத ஒருவர் மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"சார், அப்ப உங்க முறை எப்ப?"

"என்னோடது மேலேர்ந்து வரும்மா. அது நம்ம கையில இல்ல" என்றேன்.

அப்படிக் கேட்டவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கரணையிலிருந்து வருகிறவர். அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். அவருடைய அண்ணன்கள் தாம்பரம் மார்க்கெட்டில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார்கள். வீட்டில் படிப்பை வைத்து வேலைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். தலையில் முக்காடு, மூக்கில் இறங்கிய கண்ணாடி, மேஜை மேல் ஒரு மர அளவுகோல். திரையில் வேலை செய்கிற காலத்தில் அளவுகோல் எதற்கு என்று கேலி செய்வோம். அவர் அதைத் திரையின் மேலேயே வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டு போவார். அவர் கையைத் தாண்டி ஒரு பிழை போனதை நான் பார்த்ததில்லை. ஒருமுறை மருத்துவக் கட்டுரை ஒன்றின் அட்டவணையில் ஒரு புள்ளி இடம் மாறி, மருந்தின் அளவு பத்து மடங்காகியிருந்தது. எழுதிய மருத்துவர்கள் பார்க்கவில்லை, இதழின் ஆசிரியர் பார்க்கவில்லை, இவர் பார்த்தார். நன்றிக் கடிதம் என் பெயருக்கு வந்தது. 'குழுவின் உழைப்பு' என்று எழுதி மேலே அனுப்பினேன். குழு என்றால் நான் என்று மேலே இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

முறை வைத்த பிறகு மார்ச் மாதம் எங்களுக்கு ஒரு சின்னத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. டி போட வேண்டும் என்றால் படிவத்தில் குறைகளை எழுத வேண்டும். முறை வந்தவர் தன் குறையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வார். பள்ளிக்கரணைக்காரர்தான் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். வேலைக்கு ஆபத்து வரக் கூடாது, ஆனால் மேலே நம்ப வேண்டும். அந்த அளவு அவருக்குக் கைவந்திருந்தது. ஒருவருக்கு 'மின்னஞ்சல்களுக்குத் தாமதமாகப் பதில் தருகிறார்'. இன்னொருவருக்கு 'கூட்டங்களில் கருத்துச் சொல்லத் தயங்குகிறார்'. கூட்டத்தில் வாயைத் திறந்தால் மூடவே மாட்டார் அந்த மனிதர். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆறு வருடம் இப்படியே ஓடியது. மற்ற குழுக்களில் மார்ச் வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எங்கள் மேஜையில் மட்டும் ஊறுகாய் கைமாறிக்கொண்டிருந்தது. நான் ஒரு நல்ல மேலாளர் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

ஏழாவது வருடம் பொத்தேரிக்காரன் முறை. முப்பத்தொரு வயது. கல்லூரி படிக்க பொத்தேரிக்கு வந்து, படிப்பு முடிந்தும் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டவன். மூன்று வருடமாகப் பெண் பார்த்து, கடைசியில் ஓர் இடம் கூடி வந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் அவன் முகம் விழுந்துகிடந்தது.

"சார், பொண்ணோட அப்பா ரொம்ப பேஜார் பண்றாரு. சம்பள சீட்டு காட்னேன், போதல. இந்த வருஷ அப்ரைசல் லெட்டர் எங்கன்னு கேக்கறாரு. கவர்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, எல்லாத்துக்கும் பேப்பர் வேணும்."

"அதுல டி இருந்தா?"

"இருந்தா இன்னா சார், வேற எடம் பாத்துனு போவாரு."

பள்ளிக்கரணைக்காரர் கையில் இருந்த சப்பாத்தியைக் கீழே வைத்தார். "இந்த வருஷம் நான் எடுத்துக்கறேன். என் முறை வர்றப்ப நீ எடுத்துக்கோ."

"அக்கா, உங்க முறைக்கு இன்னும் ஒரு வருஷம் கீது."

"இருக்கட்டும். கல்யாணத்துல மொத பந்தியில எனக்கு எடம் போட்டு வை, போதும்."

அவ்வளவுதான் பேச்சு. அன்று மத்தியானமே தன்னைப் பற்றி இரண்டு குறைகளை எழுதி எனக்கு அனுப்பினார். 'கடினமான பக்கங்களுக்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்கிறார்.' 'புதிய மென்பொருளைக் கற்றுக்கொள்வதில் ஆர்வம் குறைவு.' இந்த இரண்டு வரிகளுக்கு நாங்கள் அரை மணி நேரம் யோசித்தோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஆறு அடித்ததும் கணினி அணையும், அளவுகோல் இழுப்பறைக்குள் போகும், பை தோளில் ஏறும். மற்றவர்கள் ஏழு, எட்டு என்று இருப்பார்கள். அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் ஒருநாள், பாதிப் பேர் வேலைக்கே வரவில்லை. முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது நூற்று நாற்பது பக்கம் வந்து விழுந்தது. அவர் மேஜைக்குப் போய் நின்றேன்.

"இன்னைக்கு ஒருநாள் கொஞ்சம் இருக்க முடியுமாம்மா?"

"முடியாது சார். காலைல ஏழு மணிக்கு வந்து முடிச்சுத் தரேன்."

போய்விட்டார். நானும் இன்னொருவரும் கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குப் போகும்போது வண்டி பாதி முழுகுகிற அளவுக்குச் சாலையில் தண்ணீர். தள்ளிக்கொண்டே போனேன். வழி முழுக்க அவர்மேல் எரிச்சல். மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்து, எங்களால் முடியாமல் கிடந்த எண்பது பக்கத்தையும் பத்து மணிக்குள் முடித்துக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். ஆனால் அந்தக் காலை சீக்கிரமே மறந்துபோனது. ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு அவர் லிஃப்டுக்கு நடந்தது மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மனசு எதை எடுத்து வைத்துக்கொள்கிறது என்பது நம் கையில் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அந்த எரிச்சலை நான் வைத்துக்கொண்டேன், வேண்டும் என்றேதான்.

மார்ச் கடைசி நாள், மனிதவளத் துறையிலிருந்து படிவம் திரும்பி வந்தது. இந்த வருடம் முதல் டி கட்டத்துக்கு மூன்று குறைகள் வேண்டுமாம். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். மணி ஆறே கால். அவர் கிளம்பிப் போயிருந்தார். காலையில் ஃபோனில் கேட்டு எழுதலாம் என்றால் கெடு தாண்டிவிடும். அப்போதே அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. 'நெருக்கடியான நேரங்களில் குழுவோடு நிற்பதில்லை' என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யோசிக்கவே இல்லாமல் கை எழுதியது. அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மாதம் சாவி எங்கள் வீட்டில். மோட்டாரைப் போட்டுவிட்டு அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். தொட்டி வழிந்து மேல் வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார்.

ஜூன் மாதம் எங்கள் பிரிவுத் தலைவர் எல்லா லீடுகளையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பிழை பார்ப்பதில் பாதியை இனி மென்பொருளே செய்யும், எல்லா மாடிகளையும் சேர்த்து இத்தனை ஆள் குறைக்க வேண்டும் என்றார். நாங்கள் யாரைச் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்ல. லிஸ்ட் ஏற்கெனவே ரெடி. மார்ச்ல யாருக்கெல்லாம் டி போட்டீங்களோ, அவங்கதான்."

சார், அது பொய், எங்கள் குழுவில் டி என்பது ஒரு முறை, மோட்டார் சாவி என்று சொல்ல வேண்டியது அந்த நிமிடம்தான். சொல்லவில்லை. என் மகள் கல்லூரி முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்பதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். தூரத்தில் அவர் அளவுகோலைத் திரையில் இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அவர் பக்கமே போகாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் மனிதவளத் துறை அவரைக் கூப்பிட்டது. இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு தாள். நாற்காலியில் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த பக்கத்தை முடித்தார். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். பின்னால் பொத்தேரிக்காரன் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். அவன் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"சார், இதுல மூணாவது பாயின்ட் நாம எழுதினதுல இல்ல."

வேலை போகிறதே என்று அழுவார், அல்லது இப்படி மாட்டிவிட்டீர்களே என்று கத்துவார் என்று இரண்டு நாளாகப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஹெச்.ஆர்.ல மூணு கேட்டாங்கம்மா. கடைசி நேரம். சும்மா ஒண்ணு போட்டேன்."

"மொத ரெண்டும் சும்மாதான் சார். படிச்சாலே தெரியுது, நான் எழுதினது. இது சும்மா எழுதின மாதிரி இல்லயே."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரிக்கு அடியில் பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு போட்டிருந்தார். பிழை கண்டால் அப்படித்தான் போடுவார்.

"வேலையப் பத்தி கவலைப்படாதீங்கம்மா. நான் மேல போய் பேசறேன்."

"நான் வேலையப் பத்தி கேக்கல சார். நீங்க நெஜமாவே அப்படி நெனைக்கறீங்களான்னு கேக்கறேன்."

"அந்த மழை நாள்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆறு மணி விஷயமா?" என்று கேட்டார். குரல் ஏறவே இல்லை. "அத சேரும்போதே உங்ககிட்ட சொன்னேனே சார். எங்கம்மாவுக்கு ஞாபகம் சரியில்ல. தனியா விட்டா அடுப்பத் தொறந்து விட்டுட்டு எங்கயாவது கெளம்பிடுவாங்க. பாத்துக்கற அக்கா ஏழு மணிக்குப் போயிடுவாங்க, அதுக்குள்ள நான் வூட்டுக்குப் போகணும்னு சொன்னேன். நீங்கதான், 'அதுக்கென்னம்மா, ஆறுக்குக் கிளம்பிடுங்க'ன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் சேர்ந்தேன்."

சொன்னேன். அவர் சொன்னதும் எல்லாம் நினைவுக்கு வந்தது. நேர்முகத் தேர்வு நடந்த அந்தச் சின்ன அறை, மின்விசிறி சத்தம், பெரிய மனிதன் மாதிரி நான் கையை ஆட்டிக்கொண்டு சொன்னது, எல்லாமே. ஏழு வருடமாக ஒரு நாளும் அவர் அதை மறக்கவில்லை. நான் மறந்துவிட்டேன். மறந்ததோடு நிற்காமல் அதையே குறையாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பொத்தேரிக்காரனுக்காகத் தன் முறை வருவதற்கு முன்பே கை நீட்டி டி வாங்கிக்கொண்ட ஒருவரைப் பற்றி, குழுவோடு நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, மிகவும் களைப்பாக இருந்தது. அப்படியே மேஜையில் தலை கவிழ்ந்து படுத்துவிடலாம் போலிருந்தது.

"தப்பும்மா" என்றேன். "நான் எழுதினது தப்பு."

அவர் தலையாட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மணி ஆறாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. ஆறு அடித்ததும் வழக்கம்போலக் கிளம்பிப் போனார்.

மறுநாள் நான்காம் மாடிக்குப் போனேன். பிரிவுத் தலைவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேஜையில் சாப்பாட்டுப் பை திறக்காமல் கிடந்தது, மணி மூன்று ஆகியிருந்தது. ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜன்னலோரத்திலிருந்து முறை, குறைகளை நாங்களே உட்கார்ந்து எழுதியது, எல்லாம். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏழு வருஷமாவா?"

"ஆமா சார்."

"இத நீங்க எங்கிட்ட சொல்லவே இல்ல. புரியுதா? வெளிய தெரிஞ்சா உங்க டீம்ல எல்லாரோட மதிப்பீடும் செல்லாதுன்னு ஆயிடும். எல்லாத்துலயும் என் கையெழுத்தும் இருக்கு."

"சரி சார். அவங்க பேர மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்தா அந்த எடத்துல வேற பேர் குடுங்க."

"என் பேரப் போட்டுக்கங்க."

அந்த வார்த்தையை எவ்வளவு தூரம் மனதாரச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு நிச்சயம் இருந்தது. அது பலித்தது.

"லீட்ங்க இந்த லிஸ்ட்ல வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். "போங்க. பாக்கறேன்."

அவர் என்ன பார்த்தார் என்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து இரண்டாம் மாடியில் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் வேறு வேலை கிடைத்துத் தானாகவே கிளம்பினார். தலை ஒன்று குறைய வேண்டும், குறைந்துவிட்டது. பள்ளிக்கரணைக்காரர் பெயர் பட்டியலிலிருந்து போனது. நான் நான்காம் மாடிக்கு ஏறினதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மூன்றாம் மாடியில் கதை வேறு மாதிரி பரவிவிட்டது. பொத்தேரிக்காரன் நிச்சயதார்த்த ஸ்வீட் பெட்டியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், கலக்கிட்டீங்க. நேரா மேல போய் சண்ட போட்டீங்களாமே!"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

லீடுகளுக்கு மதிப்பீடு செப்டம்பரில். எனக்கு டி வந்தது. ஏழு வருடத்துக்கு முன் சாப்பாட்டு மேஜையில் பள்ளிக்கரணைக்காரர் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று குறைகள். இரண்டு சம்பிரதாயமானவை. மூன்றாவது, 'தன் குழுவில் உள்ளவர்களை இவருக்குத் தெரியவில்லை.' அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பலமுறை படித்தேன். கட்டத்தை நிரப்ப எழுதியதா, அல்லது பிரிவுத் தலைவர் நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா? மேலே போய்க் கேட்டிருக்கலாம். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வந்து கேட்க ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை. மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

முறை வைப்பது நின்றுபோயிற்று. நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த மார்ச்சில் யாரும் பேச்சை எடுக்கவில்லை, அவ்வளவுதான். நானே யோசித்து ஒருவருக்கு டி போட்டேன். அவர் இப்போது கேன்டீனின் மறுகோடியில் சாப்பிடுகிறார்.

பள்ளிக்கரணைக்காரர் பெயர் பட்டியலிலிருந்து போன அந்த வாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு வியாழக்கிழமை, ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது ஒரு கோப்பு வந்தது. முப்பது பக்கம்தான். நானே பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன். ஆறு அடித்தது. அவர் கணினி அணையும் சத்தத்துக்குக் காது பழகியிருந்தது. அந்தச் சத்தம் வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனேன். அளவுகோல் திரையில் இருந்தது. அதே கோப்பில் பாதியை அவர் எடுத்து ஆரம்பித்திருந்தார்.

"கிளம்பலயாம்மா?"

"ஃபைல் வந்திருக்கே சார்."

"அம்மா?"

"என் பெரிய பொண்ணு பாத்துக்கறா. சாயங்காலம் ஷட்டில் கிளாஸ் போய்க்கினு இருந்தா, அத நிறுத்திட்டோம்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டுகிற மாதிரியும் இல்லை. பஸ் வழி மாறிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

"வேணாம்மா, கிளம்புங்க. நான் முடிச்சுக்கறேன்."

"இருக்கட்டும் சார்."

அன்று ஏழரைக்குக் கிளம்பினார். மறுநாள் கோப்பு எதுவும் வரவில்லை, அன்றும் ஏழரை. ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. பதிமூன்று வயதாம், உயரமாக இருப்பாளாம், பள்ளிக்கரணையில் ஒரு வீட்டில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா வருகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள்.

தினமும் ஆறு மணிக்கு அவர் மேஜைக்குப் போய் நிற்கிறேன். "ஆறாச்சும்மா, கிளம்பிடுங்க" என்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அவர் நம்பினார். இப்போது தினமும் சொல்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திறக்கிறார்.